ஐஸ் கம்பெனி இருந்த இடத்திலிருந்து

உரியேல் கடைசியாகக் கேட்டது உப்பு.

மெல்பா அம்மாவின் வாளியில் மாவு சூடாக இறங்கிக்கொண்டிருந்தது. அவன் எட்டி ஒரு கிள்ளு எடுத்தான். அது அவன் வழக்கம். யார் வீட்டுச் சோளமாக இருந்தாலும் சரி, கல்லிலிருந்து இறங்கும் மாவில் நெல்லிக்காய் அளவு கிள்ளி மோட்டார் மூடியின்மேல் ஒட்டிவைப்பான். அடுத்த வாளியில் இன்னொரு கிள்ளு. வாடிக்கைக்காரிகள் வந்துபோய் முடிவதற்குள் உருண்டை ஒரு ரொட்டிக்கு ஆகிவிடும். அதைத் தட்டிச் சுட்டுத் தின்பதுதான் அவன் காலைச் சாப்பாடு.

"திருட்டுக் கை" என்றாள் மெல்பா அம்மா. "உங்க அப்பா காலத்துல இந்தப் பழக்கமெல்லாம் கிடையாது."

"அப்பா முழு வாளியையே திருடுவாரு அம்மா. நீங்க அப்ப அவரோட பேச்சுல மயங்கி நின்னதால பாக்கல."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். மெல்பா அம்மா ஈரத் துணியால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். எழுபது வயதுக்காரிக்கு வெட்கம் வந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

அவன் வாளிகளைத் தூக்கி அவளுடைய தள்ளுவண்டியில் அடுக்கினான். "வாங்க, உங்க தேரைக் கல்லுச் சுவத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வரேன்" என்றான். வாசலுக்குப் போனவன் திரும்பினான்.

"அக்கா, உப்பு எடுத்து வை. நேத்து உப்பில்லாமத் தின்னேன், ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருந்துச்சு."

"கை காலி இல்ல. வந்து நீயே எடுத்துக்க" என்றாள் நுபியா. அடுத்தவளின் சோளத்தை மெஷின் வாய்க்குள் சரித்தபடி, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

*

சாந்தா ரீத்தா பேட்டைக்கு அந்த மாவு மில்தான் சேவல். இருட்டு கலைவதற்கு முன் மோட்டார் உறுமத் தொடங்கும். பெண்கள் சுண்ணாம்பு போட்டு வேகவைத்துக் கழுவிய மக்காச்சோளத்தை வாளிகளில் கொண்டுவருவார்கள். பாதிப் பேர் வீட்டுக்கு அரைக்கிறவர்கள். மீதிப் பேர் அந்த மாவைத் தட்டி ரொட்டி சுட்டுச் சந்தைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு விற்றுப் பிழைக்கிறவர்கள். அரைத்த மாவு வெயில் ஏறினால் புளித்துவிடும். அதனால் அந்த வியாபாரம் முழுக்க விடியற்காலையில் நடந்து முடிந்துவிடும். அப்பா வைத்துவிட்டுப் போன மில் அது. அக்கா கல்லாவையும் வாடிக்கைக்காரிகளையும் பார்த்துக்கொண்டாள். தம்பி கல்லையும் மோட்டாரையும் பார்த்துக்கொண்டான். இரண்டு கல் தட்டுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பது அவன் விரலுக்குத்தான் தெரியும். மாவை இரு விரலால் தேய்த்துப் பார்த்துத் திருகாணியைக் கால் சுற்று முடுக்குவான்.

நுபியாவின் கணவன் பக்கத்து நாடான கோஸ்தாரிக்காவுக்கு வேலை தேடிப் போனவன், அங்கேயே வேறொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். பிள்ளை இல்லை. தம்பி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. "மில்லைக் கட்டிக்கிட்டோம் ரெண்டு பேரும், அது ஒருத்தியே போதும், கத்தறதுக்கும் திங்கறதுக்கும்" என்பான்.

தெருக்கற்களைப் பெயர்ப்பதற்கு முன்பே காலம் கெட்டுத்தான் இருந்தது. கரண்டுக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. பேக்கெட் மாவு வந்தது. இளவட்டங்கள் எல்லை தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரு வீட்டில் இரண்டு பேர் குறைந்தால் அந்த வீட்டு வாளியில் கால்பங்கு குறையும். நுபியா வாளியைத் தூக்கும்போதே யார் வீட்டில் யார் போய்விட்டார்கள் என்று சொல்லிவிடுவாள். இது போதாதென்று நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் டெல்ஃபினா என்றொருத்தி புது மில் போட்டாள். மஞ்சள் பெயிண்ட், இரும்பு மெஷின், வாசலில் விளக்கு. சந்தையில் இரண்டு பெரிய சாப்பாட்டுக் கடைக்காரிகள் அவளிடம் போய்விட்டார்கள். நுபியா அவளைப் பற்றிப் பேசும்போது பெயர் சொல்லமாட்டாள். "மஞ்சக்காரி" என்பாள்.

பிறகு அந்த ஏப்ரல் வந்தது. வயதானவர்களின் பென்ஷனில் அரசாங்கம் கைவைக்கிறது என்று தொடங்கிய கூச்சல், சில நாட்களிலேயே வேறொன்றாக மாறிவிட்டது. தெருவில் இறங்கிய பிள்ளைகள் சுடப்பட்டுச் செத்தார்கள். சுட்டவர்கள் உள்ளே வராதிருக்க, பேட்டை பேட்டையாகத் தெருவில் பதித்திருந்த அறுகோணக் கற்களைப் பெயர்த்து மார்பளவுக்குச் சுவர் கட்டினார்கள். கல்லைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்த வரிசையில் கன்னியாஸ்திரீயும் இருந்தாள், சாராயக் கடைக்காரனும் இருந்தான். ஐஸ் கம்பெனி இருந்த இடத்து மூலையில் எழும்பிய சுவருக்கு உரியேல்தான் முதல் கல் வைத்தான் என்று பிற்பாடு சொன்னார்கள். முதல் கல்லோ பத்தாவதோ, அந்தச் சுவரில் தினமும் காவல் நின்றான்.

மில் மூடிக் கிடந்தது. மூடச் சொன்னவர்கள் சுவர்க்காரர்கள்: நாடே வேலைநிறுத்தம் செய்யும்போது நாம் மட்டும் ஓட்டலாமா என்றார்கள். திறக்கச் சொன்னவர் பேட்டையின் ஆளுங்கட்சி ஆள்: எல்லாம் சகஜமாக இருக்கிறது என்று காட்ட வேண்டும், திறக்காதவர்கள் பெயரை மேலே சொல்ல வேண்டி வரும் என்றார். நுபியா இவர்களுக்கும் தலையாட்டினாள், அவருக்கும் தலையாட்டினாள். ஆனால் அவள் காதில் விழுந்து தங்கியது மெல்பா அம்மா சொன்ன வார்த்தைதான்.

மெல்பா அம்மா வீடு சுவருக்கு வெளியே இருந்தது. ஒருநாள் சுவரின் அந்தப் பக்கம் நின்று, மோவாயைக் கல்லின்மேல் வைத்துக்கொண்டு கத்தினாள்.

"ஏய் நுபியா! இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி ராணி மாதிரி படுத்திருக்கப் போற? வேகவெச்ச சோளம் வீட்டுல புளிச்சுக் கிடக்கு. என் ரொட்டியை நம்பி மூணு கடை இருக்கு. நாளைக்கும் திறக்கலன்னா மஞ்சக்காரிகிட்டப் போயிடுவேன், சொல்லிட்டேன். அவ ஓட்டறாளாம்!"

"போங்களேன்! அவ மெஷின்ல மாவோட இரும்பும் சேந்து வரும். உங்களுக்கு ரத்தம் ஊறும்!"

வாய் அப்படிச் சொன்னது. வயிறு வேறு சொன்னது. அன்றிரவு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மாவு மில் வாடிக்கை என்பது கோயில் பழக்கம் மாதிரி. ஒருத்தி ஒரு வாரம் வேறு கல்லில் அரைத்துப் பழகிவிட்டால் நாக்கும் பழகிவிடும், கால்களும் பழகிவிடும். பிறகு சண்டை ஓய்ந்தாலும் அவள் திரும்ப மாட்டாள். சண்டை எப்படியும் ஒருநாள் ஓயும், அன்றைக்கு மில் இருக்குமா என்பதுதான் நுபியாவின் கேள்வி.

மறுநாள் உரியேலைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் சுவத்துல ரெண்டு கல்லு எடுத்தா உங்க நாடு கவுந்துடுமா?"

"அக்கா, வழி விட்டா அது சுவர் இல்ல. கதவு."

"கதவுன்னா என்ன தப்பு? நீதான் அங்க நிக்கறியே. விடியறப்ப திற, வெளிச்சம் வந்ததும் அடை. தள்ளுவண்டி நுழையற அகலம் போதும்."

"வேலைநிறுத்தம்னு ஒண்ணு நடக்குது, தெரியுமில்ல?"

"வயிறு வேலைநிறுத்தம் பண்ணலையே. சுவத்துல நிக்கற உங்க ஆளுங்க காலைல என்ன திங்கறீங்க, கல்லா? ரொட்டிதானே? அது வானத்துல இருந்தா விழுது?"

அவன் தலையைச் சொறிந்தான். சிறு வயதிலிருந்து அவளிடம் வாதத்தில் ஜெயித்ததில்லை. ஜெயிக்க முயன்றதும் இல்லை. சுவர்க்காரர்களிடம் போய்ப் பேசினான். தினமும் அவர்களுக்குச் சூடாக ரொட்டி வரும் என்றான். ஒருவர் மட்டும் முணுமுணுத்தார். மற்றவர்கள் பசியில் இருந்தார்கள். அன்று மாலையே தள்ளுவண்டி அகலத்துக்கு ஒரு பகுதியைத் தளர்வாக அடுக்கி, விடியலில் எடுத்து வைக்கவும் திரும்ப அடைக்கவும் தோதாகச் செய்துவிட்டான். அந்தப் பொறுப்பு அவனுடையது என்று முடிவானது.

நுபியா போனை எடுத்தாள். வாடிக்கைக்காரிகள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள். எழுதும்போது அவள் கண்முன் நின்றது பசித்த பிள்ளைகள் அல்ல, சுவர்க்காரர்களின் ரொட்டி அல்ல. மஞ்சள் பெயிண்ட் அடித்த ஒரு வாசல்தான் நின்றது.

'நாளை முதல் மில் ஓடும். விடியலிலிருந்து வெளிச்சம் வரும்வரை. ஐஸ் கம்பெனி இருந்த இடத்திலிருந்து ஒரு தெரு ஏரிப்பக்கம், இருபது கஜம் மேலே. மூலைச் சுவரில் வண்டி போக வழி விட்டிருக்கிறது. மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.'

அனுப்புவதற்கு முன் தம்பியிடம் காட்டினாள். அவன் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஐஸ் கம்பெனி இருந்த இடமா! நான் பொறக்கறதுக்கு முன்னாடி நிலநடுக்கத்துல விழுந்ததை நீ இன்னும் விடலையா? வெளியாள் எவனாவது இதைப் படிச்சு வந்தான்னு வெச்சுக்க, எல்லை தாண்டி ஹோண்டுராஸ்ல போய் நிப்பான்."

"வெளியாளுக்கு எழுதலையே. நம்ம ஜனத்துக்குத்தானே எழுதறேன்."

"அது சரி. நம்ம ஜனத்துக்குப் புரியும்."

அந்த ஊரில் யாரும் தெருப்பெயர் சொல்லி வழி சொல்வதில்லை. மரம் இருந்த இடம், தியேட்டர் இருந்த இடம், ஐஸ் கம்பெனி இருந்த இடம் என்று இல்லாத ஒன்றிலிருந்து தொடங்கி, ஏரிப்பக்கம் இத்தனை தெரு, மேலே, அதாவது சூரியன் உதிக்கும் பக்கம், இத்தனை கஜம் என்று எண்ணிப் போக வேண்டும். நுபியாவுக்கே அந்தக் கட்டடத்தைப் பார்த்த ஞாபகம் இல்லை. ஆனால் அது எங்கே இருந்தது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் போய் நிற்பாள். அங்கே பிறந்து வளர்ந்த யாரும் நிற்பார்கள்.

அவள் அனுப்பினாள். கைகூப்பும் படங்களும் இதயப் படங்களும் வந்து விழுந்தன. மெல்பா அம்மா, 'கடைசியில் ராணி எழுந்தாள்' என்று எழுதியிருந்தாள்.

அதற்குப் பிறகு சில நாட்கள் மில் ஓடியது. வாழ்க்கையில் என்றைக்கும் அப்படி ஓடியதில்லை. பழைய வாடிக்கைகள் வந்தார்கள், பேக்கெட் மாவு கிடைக்காதவர்கள் வந்தார்கள், அவளை விட்டுப் போன பெரிய சாப்பாட்டுக் கடைக்காரி ஒருத்தி முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றாள். நுபியா அவளை வரிசையின் கடைசியில் நிற்கவைத்தாள். தெருமுனையில் டயர் புகைந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்கச் சவப்பெட்டி போய்க்கொண்டிருந்தது. அவளோ மோட்டார் சத்தத்துக்கு நடுவே வாய்க்குள் பாட்டு முணுமுணுத்தாள். அந்த நாட்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள். பிற்பாடு எத்தனையோ விஷயங்களை மனசுக்குள் எப்படியெல்லாமோ மாற்றி அடுக்கிப் பார்த்தாள். இந்த ஒன்றை மட்டும் எங்கே வைத்தாலும் உறுத்தியது.

*

மோட்டார் ஓடும்போது மில்லுக்குள் கத்திப் பேசினால்தான் கேட்கும், வெளிச் சத்தம் எதுவும் காதில் விழாது. உப்பு கேட்டுவிட்டு உரியேல் போன அந்தக் காலையில் சுவரிலிருந்து எச்சரிக்கை வெடி போட்டார்கள் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. அவள் உப்பு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். வாயால் மாட்டேன் என்று சொன்னாலும் எடுத்துவைக்கத்தான் போயிருந்தாள். யாரோ ஒருத்தி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். நுபியா மோட்டாரை நிறுத்தினாள். கல் முனகி நின்றது. அப்போதுதான் மோட்டார்சைக்கிள்களின் சத்தம் கேட்டது.

வாசலுக்கு ஓடினாள். முகத்தைத் துணியால் மூடிய ஆளுங்கட்சி ஆட்கள், ஒரு வண்டிக்கு இருவராக, சுவரில் விட்ட வழியாக நுழைந்து வந்துகொண்டிருந்தார்கள். தள்ளுவண்டி நுழையும் அகலத்தில் மோட்டார்சைக்கிளும் நுழையும். இதை ஏன் ஒருவரும் யோசிக்கவில்லை என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவள்தான் கேட்டுக்கொண்டாள்.

பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவன் அவளைப் பார்த்தான். கையில் துப்பாக்கி இருந்தது. துணிக்கு உள்ளிருந்து, சத்தம் போடாமல், மரியாதையாகச் சொன்னான்.

"உள்ள போங்க நுபியாக்கா. கதவைச் சாத்திக்குங்க."

அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெண்கள் வாளிகளுக்கு நடுவே தரையில் படுத்துக்கொண்டார்கள். வெளியே சுடும் சத்தம். அவள் முதுகைக் கதவில் சாய்த்து நின்றாள். தம்பி வெளியே இருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். தெரியாதது போலவும் இருந்தது. காதில் விழுந்த அந்தக் குரல்தான் உள்ளே சுற்றிச் சுற்றி வந்தது. அக்கா என்று கூப்பிட்டவன். வழி தெரிந்தவன். அவன் அம்மாவோ அத்தையோ இதே வாசலில் வாளியோடு நின்றிருப்பாள். அவன் வயிற்றில் போனதும் இந்தக் கல்லில் அரைத்த மாவுதான். நம்ம ஜனத்துக்குப் புரியும் என்று உரியேல் சொன்னான். புரிந்திருந்தது.

சத்தம் ஓய்ந்ததும் திறந்தார்கள்.

அவன் அந்த வழியில்தான் கிடந்தான். மெல்பா அம்மாவைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டு, தள்ளுவண்டியைக் குறுக்கே திருப்பி வழியை அடைக்கப் பார்த்திருக்கிறான். பாதி திருப்பியிருந்தான். வாளிகள் கவிழ்ந்து, மெல்பா அம்மாவின் மாவு தெருவெல்லாம் கிடந்தது. அவள் முழங்கால் சிராய்ப்போடு சுவரோரம் உட்கார்ந்து, "என் மாவைப் பாக்காதீங்கடி, அவனைப் பாருங்க, அவனைப் பாருங்க" என்று கத்திக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வண்டி இல்லை. அதே தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவன் உயிரோடு இருக்கவில்லை.

*

துக்க வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நகத்தமால் கொடுக்க வேண்டும். வாழையிலையில் மாவையும் பன்றிக்கறியையும் வைத்துக் கட்டி வேகவைப்பது. ஒன்பது நாள் ஜெபத்துக்கும் ஊர் வரும், ஊருக்கும் கொடுக்க வேண்டும். பேட்டையில் மாவு அரைக்க இருந்தது அந்த மில் ஒன்றுதான். நுபியா தானே மோட்டாரைப் போட்டாள். திருகாணியை எவ்வளவு முடுக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மாவு நொய்நொய்யாக வந்தது. அதிலேயே செய்தார்கள். சாப்பிட்டவர்கள் ஒருவரும் குறை சொல்லவில்லை. குறை சொல்லியே பழகிய பெண்கள் அவர்கள். ஒருத்தியாவது வாய்விட்டு இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சுவர்க்காரர்கள் அவன் பெயரை எதிர்வீட்டு மதிலில் நீலத்தில் எழுதினார்கள். நாட்டுக்காக உயிர் கொடுத்தவன் என்றார்கள். நுபியா தலையைக் குனிந்துகொண்டாள். அக்காவின் அடக்கம் என்று நினைத்தார்கள். பிறகு பெரிய இயந்திரங்கள் வந்து சுவர்களை இடித்தன, கற்களைத் திரும்பத் தெருவில் பதித்தார்கள், மதிலுக்கு வெள்ளையடித்தார்கள். வெள்ளைக்கு அடியில் நீலம் கொஞ்சம் தெரியும். மழை பெய்தால் கூடுதலாகத் தெரியும்.

அவள் மில்லை மறுபடி ஓட்டவில்லை. ஒருநாள் மெல்பா அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று போனாள்.

"மெல்பா அம்மா, நான் அந்த மெசேஜ் போடாம இருந்திருந்தா..."

"ஆரம்பிச்சுட்டியா! வழி இருக்குன்னு காக்காய்க்குக்கூடத் தெரியும். தினமும் நாங்க வரிசையா வண்டி தள்ளிட்டுப் போறது அவங்களுக்குத் தெரியாதா? உன் மெசேஜைப் படிச்சுத்தான் வரணுமா? நீ என்ன பெரிய பத்திரிகையா?"

"அவனை நான்தான் வழி விடச் சொன்னேன்."

"சொன்னா என்ன? எங்க வயித்துக்காகத்தானே சொன்ன. உன்னை யாரும் குத்தம் சொல்லல. நானும் சொல்லல. காபி குடி."

காபியைக் குடித்தாள். எங்க வயித்துக்காக என்று மெல்பா அம்மா சொன்னது நெஞ்சில் முள்ளாக நின்றது. இல்லை, உங்களுக்காக இல்லை, மஞ்சள் வாசலுக்குப் பயந்து என்று சொல்லாமலே எழுந்து வந்தாள்.

மெஷினை விற்கப் போட்டாள். மலைப்பக்கத்திலிருந்து ஒருவர் லாரியோடு வந்தார். மோட்டாரைத் தட்டிப் பார்த்தவர், மூடியின்மேல் காய்ந்து ஒட்டியிருந்த, உரியேல் கிள்ளிவைத்த உருண்டையைப் பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார்.

"என்னம்மா இது, சிமெண்டா?"

"ஆமா" என்றாள்.

அது பெயர்ந்து விழுந்து வாசற்பக்கம் உருண்டது. லாரி போன பிறகு தேடினாள். கிடைக்கவில்லை. தெருநாய் எடுத்திருக்கும்.

வீட்டுக்கு ரொட்டி வேண்டும். எத்தனை நாள் கடையில் வாங்குவது? ஒருநாள் அவளே சோளத்தை வேகவைத்து, கழுவி, வாளியைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலையைத் தாண்டினாள். மஞ்சள் வாசல். பெயிண்ட் உரிந்திருந்தது. டெல்ஃபினா பருமனான, வேர்த்துக் கொட்டும் பெண். நுபியாவைப் பார்த்ததும் வரிசையில் நின்றவர்களை விலக்கிவிட்டு முன்னால் கூப்பிட்டாள்.

"நீங்க ஏன் வரிசையில நிக்கறீங்க? வாளியைக் கொடுங்க. உங்ககிட்ட காசு வாங்கினா என் கை அழுகிடும்."

"காசு வாங்கலன்னா வேற மில்லுக்குப் போறேன்."

"வேற மில் எங்க இருக்கு? அதான் நீங்களும் மூடிட்டீங்களே."

காசை வாங்கிக்கொண்டாள். சோளத்தைச் சரித்தாள். அரைத்துக்கொண்டே, சத்தத்துக்கு மேல் கத்திப் பேசினாள்.

"அந்தச் சமயத்துல உங்களைத்தான் நெனச்சுக்குவேன். எவ்ளோ தைரியம் அந்தப் பொம்பளைக்குன்னு. நான் முதல் நாளே ஷட்டரை இறக்கிட்டு அம்மா வீட்டுக்கு ஓடிட்டேன். பயம். ஆகஸ்டு வரைக்கும் இந்தப் பக்கமே வரல."

நுபியாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் தோன்றியது.

"நீங்க ஓட்டலையா?"

"எங்க ஓட்டறது! மோட்டார்ல எலி குட்டி போட்டிருந்துச்சு. யாரு சொன்னா ஓட்டினேன்னு?"

மாவு இறங்கிக்கொண்டிருந்தது. டெல்ஃபினா அதைத் தேய்த்துப் பார்க்கவில்லை. அன்று சுவருக்கு அந்தப் பக்கம் நின்று மெல்பா அம்மா கத்தியது, வாடிக்கைக்காரி கடைக்காரியிடம் போடும் சாதாரண மிரட்டல். விலை குறையாவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போவேன் என்று அப்பா காலத்திலிருந்து அந்த வாசலில் தினமும் கேட்ட வார்த்தை. அப்பாவுக்கு அது பாட்டு மாதிரி. பதிலுக்கு ஒன்று பாடி அனுப்பிவிடுவார். எவள் எதைச் சொன்னாலும் எடைபோடத் தெரிந்தவள் என்று பெயரெடுத்த நுபியா அந்த ஒருமுறை நம்பிவிட்டாள். இரண்டு நாள் பொறுத்திருந்தால் போதும், மெல்பா அம்மா எங்கேயும் போயிருக்க மாட்டாள். போவதற்கு இடமே இருக்கவில்லை.

"யாரும் சொல்லல" என்றாள். "நானா நெனச்சுக்கிட்டேன்."

வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். வழியில் மெல்பா அம்மா வாசலில் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு உள்ளங்கைகளும் பட் பட்டென்று அடித்துக்கொள்ளும் சத்தம்.

"மஞ்சக்காரிகிட்டயா போன? இரும்பு சேந்து வரும்னு சொன்னவதானே நீ! என்ன சொன்னா அவ?"

நுபியா நின்றாள். எழுபது தாண்டியவள். அவன் தள்ளிவிட்டதால் உயிரோடு இருக்கிறவள். ஒவ்வொரு ஞாயிறும் அவனுக்காக மெழுகுவத்தி ஏற்றுகிறவள். அன்று சுவரின்மேல் மோவாயை வைத்துக்கொண்டு கத்தியது அவளுக்கு ஞாபகம்கூட இருக்காது. இருந்தாலும் அது எதுவரை போனது என்று தெரியாது.

"ஒண்ணும் சொல்லல" என்றாள் நுபியா. "மாவு நல்லா அரைக்கறா."

"நல்லாவா? எனக்கு அவ மாவு ஒட்டவே மாட்டேங்குது. உரியேல் அரைச்ச மாதிரி வருமா? திருடினாலும் கை சுத்தம் அவனுக்கு." மெல்பா அம்மா கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். மாவு கன்னத்தில் ஒட்டியது. "இந்தா, சூடா ஒண்ணு தின்னுட்டுப் போ."

நுபியா நின்றபடியே தின்றாள். உப்பு சரியாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது கதவிடுக்கில் கரண்டு பில் செருகியிருந்தது. மெஷினை விற்ற பிறகும் மீட்டரை மாற்றச் சொல்லி அவள் எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் பில் பழையபடியே வருகிறது, மாவு மில் என்ற பெயரிலேயே. முகவரி முதல் வரியில் அச்சாகியிருக்கிறது. ஐஸ் கம்பெனி இருந்த இடத்திலிருந்து ஒரு தெரு ஏரிப்பக்கம், இருபது கஜம் மேலே.